மயோர்க்கா மடத்தில் ஒரு பியானோ

மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான தீவு மயோர்க்கா. அங்கே போகிறவர்களில் பலர் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தலைநகர் பால்மாவிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் மலையேறினால் வால்டெமோசா என்ற சிற்றூர் வரும். அங்குள்ள கார்த்தூசியத் துறவிகளின் பழைய மடம் இப்போது அருங்காட்சியகம்.

அரசர் கொடுத்த அரண்மனையில் 1399-ல் தொடங்கிய மடம் இது. பேச்சைக் குறைத்துத் தனிமையில் வாழ்வது கார்த்தூசியர் வழக்கம். ‘அறை’ என்பது பெயருக்குத்தான். ஒவ்வொரு துறவிக்கும் சில அறைகளும் சிறு தோட்டமும் கொண்ட தனிக் குடியிருப்பே இருந்தது. அவர்களின் மருந்தகத்தையும், அடுக்கிய ஜாடிகளோடு இன்றும் பார்க்கலாம். 1835-ல் ஸ்பெயின் அரசு துறவிகளை வெளியேற்றியது. காலியான அறைகள் வாடகைக்கு விடப்பட்டன.

1838 டிசம்பரில் அப்படிக் குடிவந்தவர் போலந்து இசைமேதை ஷோப்பன். வயது 28. உடன் வந்தவர் ஜார்ஜ் சாண்ட் என்ற ஆண் பெயரில் எழுதிய பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர்; கூடவே அவரது இரு பிள்ளைகள். வெயிலில் உடம்பு தேறும் என்று தீவுக்கு வந்தார்கள். கிடைத்ததோ மழையும் குளிரும்.

இருமல் முற்றியது. காசநோய் என்று தெரிந்ததும், முதலில் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் காலிசெய்யச் சொல்லிவிட்டார். மடத்துக்கு வந்தபிறகும் ஊரார் ஒதுங்கியே நின்றார்கள். மணமாகாத ஜோடி, தேவாலயத்துக்கும் வருவதில்லை என்ற முணுமுணுப்பு வேறு. திரும்பும் வழியில் பார்சிலோனா விடுதியில், ஷோப்பன் படுத்த கட்டிலை எரிக்க வேண்டும் என்று அதற்கும் பணம் கேட்டார்களாம்.

சாண்ட் தன் பயணநூலில் தீவு மக்களைக் கடுமையாகச் சாடினார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். காசநோய் தொற்றும் என்று அவர்கள் பயந்தது தவறில்லை. ராபர்ட் கோக் அதன் கிருமியைக் கண்டறிந்தது 1882-ல்தான். எச்சரிக்கையாக இருந்ததில் குற்றமில்லை. நோயாளியையே குற்றவாளியாகப் பார்த்ததுதான் வலிக்கிறது. கொரோனா நாட்களில் கதவடைத்த தெருக்களைப் பார்த்த நமக்கு இது புரியாததல்ல.

பாரிஸிலிருந்து வரவழைத்த ப்ளெயெல் பியானோ சுங்கத்தில் சிக்கி, ஜனவரியில்தான் மடத்துக்கு வந்தது. அதுவரை உள்ளூரில் கிடைத்த சுமாரான பியானோதான். ஆனாலும் அந்த மாதமே 24 ‘ப்ரெலூட்’ இசைத்துணுக்குகளை முடித்துப் பாரிஸுக்கு அனுப்பிவிட்டார். பிப்ரவரியில் ஊரைவிட்டே கிளம்பினார்.

அந்த ப்ளெயெல் பியானோ 4-ஆம் எண் அறையில் இருக்கிறது. வேறோர் அறையில் அவருடையது என்று காட்டிவந்த பியானோ அவர் காலத்துக்குப் பிந்தையது என்று 2011-ல் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் டிக்கெட் வாங்கும்போது எந்த அறைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்த்து முடித்ததும், உருளைக்கிழங்கு சேர்த்துச் செய்யும் இந்த ஊர் பன்னைச் சூடான சாக்லேட்டோடு ருசித்துப் பாருங்கள். கடைத்தெரு எங்கும் ஷோப்பன் பெயர்தான். அன்று அவரைக் கண்டு ஒதுங்கிய ஊர், இன்று அவருக்காக ஆண்டுதோறும் இசைவிழா நடத்துகிறது.