தாய்லாந்து குகை டாக்டரின் 230 மீட்டர் டைவ்: மேலே ஏறி வரவே இத்தனை மணி நேரமா? அந்த 2 நம்பர்களின் கதை

2018-ல் தாய்லாந்து தாம் லுவாங் குகையில் சிக்கிய 12 சிறுவர்கள் நினைவிருக்கா? அவங்களுக்கு மயக்க மருந்து கொடுத்து வெளியே அனுப்பிய ஆஸ்திரேலிய டாக்டர்தான் ரிச்சர்ட் ஹாரிஸ். 2023 பிப்ரவரியில் இவர் நியூசிலாந்தின் பியர்ஸ் நீர்க்குகையில் 230 மீட்டர் ஆழம் போய் வந்தார். சுவாசித்த வாயுவில் ஹைட்ரஜனும் இருந்தது! தண்ணீருக்குள் 13 மணி நேரத்துக்கும் மேல் இருந்தார். அதில் பெரும்பகுதி, மேலே ஏறி வருவதற்கே போனது.

ஏன் இவ்வளவு நேரம்?

கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குதில்ல, அதே கதைதான். ஆழத்தின் அழுத்தத்தில் வாயு ரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். சட்டென மேலே வந்தால் அது குமிழியாகும். மூட்டு வலியில் தொடங்கி பக்கவாதம், உயிரிழப்பு வரை போகலாம். அதனால் அங்கங்கே நின்று நின்றுதான் ஏறணும்.

இவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க உதவுவது ரீபிரீதர். நாம் வெளியே விடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை நீக்கி, செலவான ஆக்சிஜனை மட்டும் சேர்த்து, அதே வாயுவைத் திரும்பத் தரும் கருவி இது.

நைட்ரஜன் ஆழத்தில் போதை ஏற்றும். அதனால் ஹீலியம். ரொம்ப ஆழத்தில் ஹீலியமும் கை நடுக்கம் தரும். அதனால்தான் ஹைட்ரஜன் சோதனை. வெடிக்காதா? ஆக்சிஜன் 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வெடிக்காது. அந்த ஆழத்து அழுத்தத்தில் உடலுக்கு அதுவே போதும்.

எங்கே நிற்பது?

இதை டைவ் கம்ப்யூட்டர் சொல்லும். ஆனால் அதற்கு 30/70 மாதிரி 2 நம்பர்களை டைவர்தான் கொடுக்கணும். உடல் தாங்கும் என்று கணக்கிட்ட எல்லையில் எத்தனை சதவீதம் வரை நெருங்கலாம் என்பதே இந்த நம்பர்கள். முதல் நம்பர் முதல் ஸ்டாப்புக்கு, இரண்டாவது தண்ணீரை விட்டு வெளியே வரும்போது. அதாவது எவ்வளவு ரிஸ்க் என்பதை டைவரே முடிவு செய்கிறார்.

முதல் நம்பரைக் குறைத்து, ஆழத்திலேயே நிற்க ஆரம்பித்தால் பாதுகாப்பு என்று பல வருஷமா நம்பினாங்க. அமெரிக்க கடற்படை இதைச் சோதித்துப் பார்த்தது. சுமார் 52 மீட்டர் ஆழம், 30 நிமிடம், ஏறும் நேரம் இரண்டு முறைக்கும் ஒன்றே. 2011-ல் வெளியான முடிவு: ஆழத்தில் நின்ற 198 டைவ்களில் 10 பேருக்கு பாதிப்பு. மேலே வந்து அதிக நேரம் நின்ற 192 டைவ்களில் 3 பேருக்குத்தான்.

காரணம் சிம்பிள். ஆழத்தில் நிற்கும்போது, மெதுவாக வாயு ஏறும் திசுக்கள் இன்னும் உறிஞ்சிக்கிட்டேதான் இருக்கும்.

இதன் பிறகு பல டைவர்கள் முதல் நம்பரை உயர்த்தினார்கள். ஆனால் அந்தச் சோதனை நடந்தது சாதாரணக் காற்றில். ஹீலியத்தோடு ரீபிரீதரில் போகிறவருக்கு அது அப்படியே பொருந்துமா என்ற வாதம் ஓயவில்லை. (இதைப் படிச்சிட்டு யாரும் செட்டிங்கை மாத்திடாதீங்க!)

ஹைட்ரஜன் கதை இன்னும் சிக்கல். கடையில் விற்கும் டைவ் கம்ப்யூட்டர்கள் பொதுவாக நைட்ரஜன், ஹீலியம் இரண்டுக்கு மட்டுமே கணக்கு போடும். ஹைட்ரஜனுக்கு அதில் இடமே கிடையாது.