நாணற்காட்டு வாசம்

இந்த வாரம் ஒரு பத்திரிகையில் வெளியான பிரயாண நூல்களின் பட்டியல் என் மனத்தை மிகவும் உறுத்திவிட்டது. அயல்நாடுகளில் குடியிருந்தோர் எழுதியவை ஒரு புறம், நீர்வழியே துணிகரப் பயணம் செய்தோர் எழுதியவை மறுபுறம் என இரண்டாக வகுத்து, விடுமுறைக் காலத்தில் வாசிக்கத்தக்கவை இவையே என்று சிபாரிசு செய்திருந்தார் தொகுத்தவர். நீர்வழிப் பகுதியைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. தென்னமெரிக்கக் கரையிலிருந்து கட்டுமரத் தெப்பமொன்றில் 101 நாட்கள் பசிபிக் சமுத்திரத்தில் மிதந்து சென்ற தோர் ஹெயர்டால் அதில் இருந்தார். ஐம்பது வயதைக் கடந்தபின், தம் கையாலேயே புதுப்பித்துக் கட்டிய ‘ஸ்பிரே’ என்னும் சிறு பாய்க்கப்பலில் 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டு, ஒரு டாலருக்கு வாங்கிய தகரக் கடிகாரத்தின் துணையோடு உலகைச் சுற்றி, 1898 ஜூனில் கரை சேர்ந்த ஜோஷுவா ஸ்லோகமும் இருந்தார். சுக்கானைக் கயிற்றால் பிணைத்துவிட்டு நடுக்கடலில் நிம்மதியாகப் புத்தகம் படித்த அந்த மாலுமியிடம் எனக்குள்ள பக்தி, இப்பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் புதிதன்று.

என் குறையெல்லாம் வில்ஃப்ரெட் தெஸிஜரைப் பற்றியது. பாலைவனத்தைக் கடந்த வீரராக அவரை முதற்பகுதியில் சேர்த்து, ‘அரேபியன் ஸாண்ட்ஸ்’ என்னும் நூலோடு அவருடைய கணக்கை முடித்துவிட்டார் அந்தப் பட்டியல்காரர். எங்கும் இப்படியே நடக்கிறது. மணலைப் பற்றி எழுதிய தெஸிஜரை உலகம் கொண்டாடுகிறது, நீரைப் பற்றி எழுதிய தெஸிஜரை மறந்துவிடுகிறது. 1964-ல் வெளிவந்த ‘தி மார்ஷ் அராப்ஸ்’ அயல்நாட்டு வாசமா, நீர்வழிச் சாகசமா என்று கேட்டால் இரண்டும்தான் என்றே சொல்ல வேண்டியிருப்பதால், இரண்டு அலமாரிகளிலும் அதற்கு இடமில்லாமற் போயிற்று போலும்.

டைகிரிஸும் யூப்ரடீஸும் கடலை அடையும் முன்னர்ப் பரந்து தேங்கி, ஆளுயரத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு வளர்ந்த நாணலினூடே வழி தெரியாமற் கிடக்கும் தெற்கு ஈராக்கின் சதுப்பு நிலங்களில், 1951-ன் இறுதியிலிருந்து 1958 ஜூன் வரை, 1957 ஒன்று நீங்கலாக ஒவ்வோராண்டும் சென்று, சில சமயங்களில் மாதக் கணக்கில் தொடர்ந்து தங்கியிருந்தார் அவர். அங்கே வீடு என்பது நாணலையும் சேற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்திய ஒரு திட்டு. அது அமிழ அமிழ மேலும் நாணல் வெட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குடும்பமும் அதன் எருமைகளும் ஒரே திட்டில் வசிக்கின்றன. அவற்றுக்கான இளங்குருத்துகளை வெட்டி வரச் சிறுவர்கள் நாள்தோறும் படகேறிச் செல்கிறார்கள்.

விருந்தினரை ஏற்கும் ‘முதீஃப்’ என்ற மண்டபத்தை அவர் வர்ணிக்கும் பக்கங்களை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. நாணலைப் பெருங்கட்டுகளாகக் கட்டி, இரு வரிசையாக நட்டு, நுனிகளை வளைத்து உச்சியில் ஒன்றோடொன்று பிணைத்தால் வளைவுகள் உண்டாகின்றன; அவற்றின் மேல் நாணற் பாய்களை வேய்ந்துவிட்டால் ஓர் ஆணியோ உத்தரமோ இல்லாமலே, கோயில் மண்டபத்தின் கம்பீரத்தோடு ஒரு கூடம் எழுந்து நிற்கிறது. நடுவே காப்பிக்கான கணப்பு. சுவரோரமாக ஊராரும் வழிப்போக்கரும்.

இந்த உபசாரத்துக்குப் பிரதியாகத் தெஸிஜர் கொண்டுசென்றது ஒரு மருந்துப் பெட்டி. வைத்தியப் பட்டம் எதுவும் பெறாதவர். ஆயினும் பொழுது விடியுமுன்னரே அவர் தங்கிய இடத்தின் வாசலில் நோயாளிகள் கூடிவிடுவார்கள். காட்டுப்பன்றியின் கோரைப் பல்லால் கிழிபட்டவர்களும் கண்நோய்க் குழந்தைகளும் அவர்களுள் உண்டு. பிறர் தயவில் உண்டு உறங்குகிறவன், தன்னால் இயன்றதைச் செய்தாக வேண்டும் என்ற கடமையுணர்ச்சி அந்நூல் முழுவதும் ஓடுகிறது. தனியே கப்பலோட்டியவர்களின் நூல்களில் எனக்குக் கிட்டாத சுகம் இதுதான். ஸ்லோகமுக்கு நீர் கடக்கவேண்டிய ஒன்று. தெஸிஜருக்கோ அது அண்டை அயலாரோடு பழகும் இடம்.

ஃபாலிஹ் என்ற ஷேக் அவருக்கு ஒரு ‘தராதா’வைப் பரிசளித்தார். முப்பத்தாறடி நீளமும் மூன்றரை அடிக்கு மேற்படாத அகலமும், நிலக்கீல் பூசிய கரிய அடிப்பாகமும், உட்புறத்தில் வரிசை வரிசையாகப் பதித்த அகன்ற தலையாணிகளும், வாள்முனை போல மேல்நோக்கி எழும் முகப்பும் கொண்ட அந்தப் படகு, ஷேக்குகள் மட்டுமே வைத்திருந்த ஜாதியைச் சேர்ந்தது. பின்னர் ஒருநாள் நீர்ப்பறவை வேட்டையின்போது உறவினர் ஒருவரின் துப்பாக்கி தவறிச் சுட்டதால் ஃபாலிஹ் மாண்டுபோனார். அந்த மரணத்தைத் தெஸிஜர் எழுதியிருக்கும் நிதானம், கண்ணீரை எழுதத் தெரியாதவரின் வறட்சியன்று. துக்கத்தை மரியாதையோடு தாங்கிய ஒருவரின் அடக்கம்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. பெண்களின் குரல் அந்நூலில் கேட்பதே அரிது. பள்ளிக்கூடத்தையும் பாக்தாத்தையும் நாடிப் புறப்பட்ட இளைஞர்களின் ஆசையை அவர் நஷ்டமாகவே கண்டார். வறுமையும் நோயும் இன்னதென்று அருகிலிருந்து அறிந்தவர் அவ்வாறு நினைத்தது நியாயமில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆனால் பிற்பாடு நேர்ந்த அழிவு இளைஞர்களின் ஆசையால் விளைந்ததன்று. 1991-ல் தெற்கே எழுந்த கலகத்தை ஒடுக்கிய சதாம் உசேனின் அரசு, கரைகளும் கால்வாய்களும் கட்டி ஆற்றுநீரை வேறு வழியில் திருப்பி, பத்தாண்டுகளுக்குள் சதுப்பின் பெரும்பகுதியை வெடித்த தரையாக்கிவிட்டது. 2003-ல் அவ்வரசு வீழ்ந்ததும் அங்குள்ள மக்களே அக்கரைகளை உடைத்து நீரை உள்ளே விட்டார்கள். ஒரு பகுதி மீண்டும் பசுமை பெற்றது. 2016-ல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஆறுகளின் மேற்பகுதிகளில் கட்டப்பட்ட அணைகளாலும் வறட்சியாலும் இன்றும் அங்கே நீர் குறைந்து எருமைகள் மடிகின்றன.

ஆகவே பட்டியல் தயாரிப்பவர்கள் தெஸிஜரின் இந்த நூலையும், 1956-ல் அவரோடு அச்சதுப்பில் பயணம் செய்த கவின் மாக்ஸ்வெல்லின் ‘எ ரீட் ஷேக்கன் பை தி விண்ட்’ என்ற நூலையும் தவறாமல் சேர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மாக்ஸ்வெல் அழகாக எழுதுகிறவர், ஆனால் விருந்தாளி. இடத்தை அறிந்தவர் தெஸிஜர். ஆதலால் முதலில் படிக்க வேண்டியது தெஸிஜரை.