கதை எழுத விரும்பும் பிள்ளைகளுக்கு



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபையின் மகள் ஒருத்தி, வேதாகமத்தின் அடியில் மறைத்து வைத்திருந்த நோட்டுப்புத்தகத்தைக் காட்டி, “ஐயா, நடக்காததை நடந்த மாதிரி எழுதறது பொய்தானுங்களே? விசுவாசி கதை எழுதலாமுங்களா?” என்று கேட்டாள். பதிலை உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன். ஏனெனில் பல ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற கேள்விக்கு நான் தவறாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

நாத்தான் தீர்க்கதரிசி தாவீதின் முன் நின்றபோது (2 சாமுவேல் 12) நேரடியாகக் குற்றஞ்சாட்டவில்லை. ஒரு ஐசுவரியவான், ஒரு தரித்திரன், அவன் மடியில் பிள்ளைபோல் வளர்ந்த ஓர் ஆட்டுக்குட்டி என்று கதை சொன்னார். அந்த ஆட்டுக்குட்டி எந்தப் பட்டியிலும் இருந்ததில்லை. ஆனால் ராஜாவின் பாவம் மெய்யானது. பிறனுக்காகக் கோபங்கொண்ட பிறகே அவன் தன்னைக் கண்டான். லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் ஒருவன் ஆண்டவரிடம் வந்து, தன் சகோதரனிடமிருந்து சொத்தில் பங்கு வாங்கித் தரும்படி கேட்கிறான். ஆண்டவர் பங்கு பிரிக்க மறுத்து, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஒருவனின் கதையைச் சொன்னார்.

பங்கு என்றதும் நம் கொங்கு மண்ணின் நாவல் ஒன்று நினைவுக்கு வருகிறது. தாராபுரத்தை அடுத்த கீரனூரைச் சேர்ந்த ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் வெளியிட்ட ‘நாகம்மாள்’. கணவனை இழந்த பெண் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். குடும்பம் உடைந்து கொலையில் முடிகிறது. அன்று அவருக்கு இருபத்தைந்து வயதையொட்டித்தான் இருக்கும். நாம் வாய்க்கால் வரப்பில் பேசுகிற பேச்சையே அவர் தம் மாந்தர்க்குக் கொடுத்தார். தமிழ் வட்டார நாவலுக்கு அதையே முன்னோடியாகச் சொல்கிறார்கள்.

கிறிஸ்தவர்களில் ஹெப்சிபா ஜேசுதாசனைப் படியுங்கள். 1925-இல் பிறந்த அவருடைய முதல் நாவல் ‘புத்தம் வீடு’ வெளிவந்தது 1964-இல். ஆகவே, வயது போய்விட்டது என்று சொல்லும் தாய்மார்களும் நோட்டைத் திறக்கலாம். குமரி மாவட்டத்துப் பனைவிளைகளின் நடுவே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தை அவர் காட்டுகிறார். அவர்களும் ஆலயத்துக்குப் போகிறவர்களே. ஆயினும் குடும்பப் பெருமைக்காகத் தங்கள் வீட்டுப் பெண்ணின் விருப்பத்தை நசுக்கப் பார்க்கிறார்கள். இதை எழுதியதால் சபைக்கு அவமானம் வந்ததா? நான் அப்படி நினைக்கவில்லை.

இனி என் தவறு. ஊழியத்தின் தொடக்க நாட்களில் ஒரு தம்பி தான் எழுதிய கதையைக் கொண்டுவந்தான். பாக்குத் தோப்பைப் பிரித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி, இருவரும் விசுவாசிகள். கடைசி வரியில் இருவரும் ஒரே ஆலயத்தில் வெவ்வேறு வரிசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் படித்துவிட்டு, “இருவரும் ஒப்புரவாகிற மாதிரி முடித்துவிடு, இல்லாவிட்டால் சாட்சி கெடும்” என்றேன். அவன் திருத்தவில்லை. அதன்பின் என்னிடம் எதையும் கொண்டுவரவுமில்லை. இறையியல் கல்லூரியில் உவமைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியவன் நான்! கெட்ட குமாரன் உவமையில் மூத்தவன் விருந்துக்குள் போனானா இல்லையா என்று ஆண்டவர் சொல்லாமலே விட்டதை அன்று மறந்துபோனேன்.

ஆகவே மகளே, எழுது. நரசீபுரம் சாலையும், யானை மிதித்த வாழைத்தோட்டமும், சின்ன வெங்காய விலை விழுந்த இரவில் அப்பா பேசாமல் உட்கார்ந்திருந்ததும் உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத அளவுக்குத் தெரியும். அவற்றிலிருந்து தொடங்கு. நல்லவரை முழுக்க நல்லவராக்காதே. போதகரையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு வசனத்தைக் கடைசியில் ஒட்டிவிட்டால் கதை கிறிஸ்தவக் கதையாகிவிடாது. எழுதியதை ஒரு மாதம் மூடிவைத்துவிட்டு, பிறகு சத்தமாக வாசித்துப் பார்.

ஒரே எச்சரிக்கை. நம்முடையது சிறிய சபை. ஒருவர் ஜெபத்துக்காக நம்பிச் சொன்ன துக்கத்தை, அடையாளம் தெரியும்படி எழுதாதே. நாத்தான் அரண்மனையை ஆட்டுப்பட்டியாக்கினாரே, அந்த அளவுக்கு மாற்று.

அந்தத் தம்பி இப்போது வெளியூரில் இருக்கிறான் என்று கேள்விப்படுகிறேன். தம்பி, இதை நீ வாசிக்க நேர்ந்தால், உன் கதையின் முடிவு சரியாகத்தான் இருந்தது. அந்த நோட்டு இன்னும் இருந்தால் கொண்டு வா. இன்னொரு முறை வாசிக்க விரும்புகிறேன்.