வெந்நீர் வைத்தியம்

மாதவிடாய் வலியில் சுருண்டு கிடக்கும் பெண்ணிடம், “நிறைய வெந்நீர் குடி” என்று சொல்லிவிட்டுத் தன் காரியத்தைப் பார்க்கப் போகிற ஆண்பிள்ளை, இன்றைய சீனாவில் ஒரு கேலிப் பாத்திரம். அந்த நாட்டுப் பெண்கள் அவனை வேண்டிய மட்டும் நையாண்டி செய்துவிட்டார்கள். ஆனால் அவனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? அவன் வாயில் வருவது ஒரு பழம்பெரும் வைத்திய சாஸ்திரத்தின் மிச்சம். சாரமல்ல, சக்கை.

அந்தச் சாஸ்திரத்தை நான் இளப்பமாக நினைக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்ற வைத்தியர், தம் பெரிய மருந்து நூலில் பெண்களுக்கான சிகிச்சைகளைத்தான் முன்னால் வைத்தார். 1237-ல் சென் சிமிங் என்பவர் பெண்களின் நோய்களுக்கென்றே தனியாக ஒரு நூல் செய்தார். பிராணசக்தியும் ரத்தமும் உடம்பில் தடையின்றி ஓட வேண்டும். ஓட்டம் தடைப்பட்டாலும் வலி, ஊட்டம் குறைந்தாலும் வலி என்பது அவர்கள் கொள்கை. ஆகவே தொழில் தெரிந்த வைத்தியன் முதலில் கேள்வி கேட்டான். வலி, விலக்குக்கு முன்னாலா, பின்னாலா? வயிற்றை அழுத்தினால் சுகமா, கை பட்டாலே பொறுக்கவில்லையா? சூடு இதமாக இருக்கிறதா? ரத்தம் கட்டி கட்டியாகப் போகிறதா? பதிலுக்குத் தக்கபடி மருந்து மாறிற்று. பெண்ணின் வலியை ‘எல்லோருக்கும் வருவதுதானே’ என்று தள்ளாமல், அதில் இத்தனை வகை உண்டென்று உட்கார்ந்து கேட்டார்களே, அது சாமான்ய காரியமா?

ஆனால் அதே சுன் சிமியாவ் இன்னொன்றும் சொல்லி வைத்தார். பெண்ணின் நோயைத் தீர்ப்பது ஆணின் நோயைத் தீர்ப்பதைவிடப் பத்து மடங்கு கஷ்டமாம். அவளுக்கு ஆசையும் பொறாமையும் துக்கமும் அதிகமாம்! வினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. கோபப்பட்டாயா? அதனால்தான் கல்லீரலில் பிராணசக்தி முடங்கிவிட்டது. குளிர்ச்சியாகச் சாப்பிட்டாயா? அதனால்தான் ரத்தம் உறைந்துவிட்டது. நோயாளியாக வந்தவள் குற்றவாளியாகத் திரும்புகிறாள்.

2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் சீனப் பெண்களின் தொடர் நீச்சல் குழு நான்காவதாக வந்தது. ஃபூ யுவான்ஹுவெய் என்ற வீராங்கனை, முந்திய இரவுதான் தமக்கு மாதவிலக்கு வந்ததென்றும், உடம்பு தளர்ந்திருந்ததென்றும், ஆனால் அதைச் சாக்காகச் சொல்லவில்லை என்றும் தொலைக்காட்சியில் கூறினார். பலர் மெச்சினார்கள். அந்த நாளில் தண்ணீரில் இறங்கலாமா என்று வியந்தவர்களும் இருந்தார்கள். வலித்ததா என்று கேட்பதற்கு முன்னால், என்ன செய்தாய் என்று கேட்கிற புத்தி இது.

வலி எங்கிருந்து வருகிறது என்பது இன்று ரகசியமல்ல. மாதவிடாய் ரத்தத்தில் தசையை இறுக வைக்கும் ஒரு பொருள் இருப்பதை 1957-ல் இங்கிலாந்தில் பிக்கிள்ஸ் என்ற விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். புரோஸ்டாகிளாண்டின் என்று பெயர் பெற்ற இந்த வகைப் பொருள்கள்தாம் கருப்பையைக் கவ்விப் பிழிகின்றன. கோபத்துக்கும் குளிர்ந்த பானத்துக்கும் இதில் என்ன சம்பந்தம்?

உடனே, “அப்படியானால் சீன வைத்தியம் முழுக்க மூடநம்பிக்கை” என்று ஒரு கூட்டம் எழுந்து நிற்கும். அதுவும் அவசரந்தான். 2001-ல் வெளியான ஒரு பரிசோதனையில், அடிவயிற்றுக்குக் கொடுத்த இடைவிடாத வெப்பம் இபுப்ரோஃபென் மாத்திரைக்குச் சமமாக வலியைத் தணித்தது. சீன மூலிகைகளைப் பற்றிய 39 சோதனைகளை 2008-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், நம்பிக்கை தரும் அறிகுறிகள் உண்டு, ஆனால் சோதனைகள் நடந்த முறை தரமாயில்லை என்றார்கள். அப்படியென்றால் தரமாகச் சோதிப்பதுதானே முறை? பழமை என்பதற்காகப் பூஜிக்கவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம்.

சிலருடைய வலிக்குக் காரணம், கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு வெளியே வளர்வது. எண்டோமெட்ரியோசிஸ் என்ற இந்த நோய், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு உண்டென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாடியும் நாக்கும் மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இவளை இஞ்சியும் வெல்லமும் போட்ட வெந்நீரோடு வருஷக்கணக்கில் உட்கார வைப்பது வைத்தியமா? கைகழுவுகிற வேலை!

வெந்நீர் கொடுக்கட்டும், நான் தடுக்கவில்லை. கொடுக்கிறவன், அந்தப் பழைய வைத்தியன் கேட்ட கேள்விகளையும் கேட்கட்டும். எப்போது, எங்கே, எவ்வளவு என்று கேட்டு, அவள் சொல்வதை நம்பட்டும். மாதாமாதம் எழுந்திருக்க முடியவில்லை என்றால், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும்.