விலைச்சீட்டின் ஒவ்வொரு வரியும் வெளிச்சத்துக்கு வரட்டும்

புது பைக் வாங்கப் போகிறவர் விளம்பரத்தில் பார்ப்பது எக்ஸ் ஷோரூம் விலை. கையிலிருந்து கொடுப்பது ஆன் ரோடு விலை. நடுவில் பதினைந்து, இருபதாயிரம் ரூபாய் சாதாரணமாக ஏறிவிடுகிறது. அதில் அரசுக்கு எவ்வளவு, காப்பீட்டுக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்று கேட்காமலேயே நம்மில் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

சில வரிகளில் பேரத்துக்கே இடமில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதற்கு மேல் 12. உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. வண்டியின் சேதத்துக்கான காப்பீடு அப்படியல்ல. அதை ஓராண்டுக்கு மட்டும், நமக்குப் பிடித்த நிறுவனத்தில் எடுக்கலாம். கடை காட்டும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சிக்கல் மற்ற வரிகளில். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ அரசின் கட்டணப் பட்டியலில் கிடையாது. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை 2019 ஏப்ரல் முதல் வண்டியோடு தயாரிப்பு நிறுவனமே தர வேண்டும். பின்னால் அமர்பவருக்கான கைப்பிடியும், சேலை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் தடுப்பும் மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி வண்டியோடு இருக்க வேண்டியவை. ஐ.எஸ்.ஐ. தரமுள்ள ஹெல்மெட்டையும் வாங்கும்போதே வழங்க வேண்டும் என்கிறது விதி 138. இவற்றை உதிரி அலங்காரம்போலத் தனியாக விலை போடுவது நியாயமல்ல. உயிர் காக்கும் பொருளைக் காசாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் டீலரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் பாதி உண்மைதான் கிடைக்கும். வண்டி விற்பனையில் அவருக்குக் கிடைக்கும் கமிஷன் பொதுவாக ஒற்றை இலக்க சதவீதம். அதிலிருந்துதான் மெயின் ரோட்டு வாடகை, ஊழியர் சம்பளம், மின்கட்டணம், டெலிவரிக்கு முந்தைய பரிசோதனை எல்லாம். நிறுவனத்திடம் வண்டியை எடுக்க வங்கியில் வாங்கிய கடனுக்கு வட்டி தினமும் ஓடுகிறது. மாத இலக்குக்காக ஓடாத மாடலையும் நிறுவனம் தள்ளிவிட்டால், குடோனில் நிற்கும் ஒவ்வொரு வண்டியும் அவர் பணத்தைத் தின்கிறது. அதனால்தான் காப்பீடு, கடன், உதிரி அலங்காரம், சர்வீஸ் ஆகியவற்றில் வரும் வருமானத்தை நம்பி கடை நடக்கிறது. டீலர் லாபம் பார்ப்பதில் தவறில்லை. அது மறைவாக வருவதுதான் தவறு.

கடனிலும் இதே மறைவு உண்டு. ‘பத்து சதவீதம்தான், பிளாட்’ என்பார்கள். மூன்றாண்டுத் தவணையில், குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 18 சதவீதம். உண்மையான ஆண்டு வட்டியைக் காட்டும் முக்கிய விவரச் சீட்டை 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானபோது, விலை எவ்வளவு குறைந்தது என்று வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். எண் ஊரறிந்ததாக இருந்தால் மக்கள் கேட்கிறார்கள். அதே வெளிச்சம் விலைச்சீட்டின் மற்ற வரிகளுக்கும் வேண்டும். விற்கவே முடியாத சரக்கை டீலர் தலையில் கட்டுவதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும். கட்டுப்படியாகும் கமிஷனைக் கொடுக்க வேண்டும். வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, விருப்பப் பொருள் என்று பிரித்த விலைப்பலகையை ஷோரூம் வாசலில் வைக்கப் போக்குவரத்துத் துறை ஆணையிட வேண்டும். டீலர் சங்கங்கள் அதை வரவேற்றால், ஒழுங்காகத் தொழில் செய்பவருக்குத்தான் முதல் லாபம்.

நம் பங்கும் இருக்கிறது. தள்ளுபடி கேட்டுக் கெஞ்சுவதை விட, வரிவாரியான கொட்டேஷனை எழுத்தில் கேளுங்கள். கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். வேண்டாத பொருளை வாங்கினால்தான் வண்டி என்று கட்டாயப்படுத்துவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை. அப்படி நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.