கைக்கு வரும் லாப ஈவு எவ்வளவு?

கல்லூரி நண்பர்கள் பலர் கைப்பேசிச் செயலி வழி அமெரிக்கப் பங்குகளை வாங்குகிறார்கள். விலை ஏறுமா என்று கேட்பவர்கள், வரியைப் பற்றிக் கேட்பதில்லை. அமெரிக்க நிறுவனம் 100 டாலர் லாப ஈவு அறிவித்தால், மலேசியரான நமக்கு 70 டாலர்தான் வந்து சேரும். மீதி 30 விழுக்காட்டை அந்நாடு வரியாகப் பிடித்துக்கொள்கிறது. மாணவர் என்ற சலுகையெல்லாம் அங்கே செல்லாது.

உள்நாட்டில் நிலைமை வேறு. நிறுவனமே தன் லாபத்துக்கு வரி கட்டிவிடுகிறது. 2025 முதல், ஆண்டு லாப ஈவு 100,000 ரிங்கிட்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்குத் தனிநபர் 2 விழுக்காடு செலுத்த வேண்டும். நமக்கு அது எட்டாத உயரம்.

அமெரிக்கப் பங்கே வேண்டாம் என்பதல்ல என் வாதம். விலை உயர்வுக்காக வாங்குவது வேறு. லாப ஈவுக்காக வாங்குவது வேறு. இரண்டாவதுதான் நோக்கம் என்றால், வரி போக மிஞ்சுவதை முதலில் கணக்கிடுங்கள்.