நாம எல்லாரும் பன்றி வருஷம்!



சீன ஜோதிடத்தில் பிறந்த வருஷத்துக்கு ஒரு மிருகம். 2007-க்குப் பன்றி. அப்படிப் பார்த்தால் நம்ம வகுப்பில் பாதிப்பேர் பன்றிதான்! இதில் யாருக்கு யாரைப் பொருத்தம் பார்ப்பது? மேல்நாட்டு ராசியோ வேறு தினுசு. ஏப்ரல் 5-ல் பிறந்த நான் அங்கே மேஷம். நம்ம கணக்கில் சித்திரை பிறந்தால்தான் சூரியன் மேஷத்துக்கே வருகிறான்.

பொம்மையார்பாளையத்தில் நானும் ஒரு நண்பனும் படகு எஞ்சின் ரிப்பேர் கடை போடுவதாக இருக்கிறோம். மேஷமும் கடகமும் கூட்டு சேரக்கூடாது என்று எங்கோ படித்துவிட்டு அவன் ஒரு வாரம் முகம் கொடுத்தே பேசவில்லை. அப்புறம் கேட்டால், மேஷம் அவசரக்காரன், கடகம் காசை இறுக்கிப் பிடிப்பான் என்று அதில் போட்டிருந்ததாம். அட, உண்மைதானே! "கடன் கேட்டா நீ குடுத்துடுவே, நான் குடுக்க மாட்டேன்டா" என்றான். ராசி இல்லாவிட்டால் இந்தப் பேச்சே வந்திருக்காது. படகில் பங்கு பிரிக்கிற மாதிரி, செலவு போக ஆளுக்கு எவ்வளவு என்று அன்றைக்கே நோட்டில் எழுதினோம்.

கல்யாண விஷயத்தில்தான் எனக்குக் கோபம். ஜப்பானில் 1966 'நெருப்புக் குதிரை' வருஷம். அதில் பிறக்கும் பெண் புருஷனுக்கு ஆகாது என்ற பயத்தில், முந்தின வருஷத்தைவிடப் பிறப்பு கால்வாசி குறைந்தது. 2026-ம் அதே குதிரைதான்.

இங்கே மட்டும் என்ன? என் அக்கா மூல நட்சத்திரம், வயது 27. ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியவர்களில் ஒருத்தர்கூட அவள் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டதில்லை.